ஊசி கோத்த மதியம்

"உங்கள் கதாநாயகனும் கதாநாயகியும் ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைகள் மாதிரி இருக்கிறார்கள். அவர்கள் கட்டிப்பிடித்தபோது ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்."

இணையத்தில் போட்ட முன்னோட்டத்தை விளையாடிவிட்டு மலேசியாவிலிருந்து யாரோ எழுதிய இந்த வரிகளைக் காவியா மூன்று தடவை படித்தாள். பிறகு கணவனை நாற்காலியோடு இழுத்து, அவனையும் படிக்க வைத்தாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கான ஒரு கணினி விளையாட்டு. பெயர் 'மறுவீட்டுப் பத்து நாள்'. முன்பின் பேசிப் பழகாத இருவர் கல்யாணம் முடித்து, முதல் பத்து நாளில் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதுதான் கதை. அவர்கள் என்ன பேசுவது, எப்போது நெருங்குவது என்பதை விளையாடுகிறவர் தீர்மானிக்க வேண்டும். படமும் வசனமும் காவியா. நிரலும் இசையும் அவள் கணவன் பாண்டியராஜன். இருவரும் ஒரே பொறியியல் கல்லூரி. சென்னையில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானதும் சங்கரன்கோவிலில் பாண்டியராஜனின் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். காலையில் கம்பெனி வேலை. மதியத்துக்கு மேல் விளையாட்டு. கீழ்வீட்டில் இருந்த மாமியார் கோமதியம்மாள், "பிள்ளைகளுக்கு கார்ட்டூன் செய்யுதாவ" என்று தெருவில் சொல்லி வைத்திருந்தாள். அதை யாரும் திருத்தவில்லை.

"அந்த ஆளு சொல்லுதது சரிதான்," என்றாள் காவியா. மாமியார் முன்னால் அவனை 'நீங்க' என்பாள். மாடியில் 'நீ'தான். "ஒன்பதாம் நாள் சீன நானே திரும்பப் பாத்தேன். எனக்கே கொட்டாவி வருது."

"மியூசிக் நல்லாருக்குன்னு ஒருத்தன் எழுதியிருக்காம்லா?"

"மியூசிக்க மட்டும் வச்சு அவங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்தணுமா?"

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம் என முடிவு செய்தார்கள். ஒரு வாரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் செய்த ஆறு விளையாட்டுகளை விளையாடினார்கள். காவியா மடியில் நோட்டை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தாள். முதல் ஐந்திலும் ஒரே சரக்குதான். கண்ணாடி ஜன்னலில் மழை, கோப்பையில் ஒயின், அறை நடுவில் எரியும் நெருப்பு, அதன் முன்னால் இருவர்.

"இங்கன மதியம் கரண்ட் போனா படுத்த பாயே நனைஞ்சு போவுது," என்றான் பாண்டியராஜன். "இதுல நெருப்ப வேற மூட்டணுமாக்கும்."

ஆறாவதுதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தது. ஏதோ ஒரு பனி நாட்டில் மூன்று பேர் சேர்ந்து செய்த சின்ன விளையாட்டு. அதில் ஒரு பெண், பனியில் நனைந்து வந்தவனின் பூட்ஸ் கயிற்றை ஒவ்வொரு துளையாக உருவி எடுக்கிறாள். விறைத்த விரல்களால் மெதுவாகத்தான் முடிகிறது. அவன் குனிந்து அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் காட்சி. காவியாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"இவங்க யாரையும் பாத்து செய்யல, ராஜா. அவங்க ஊர்ல தெனமும் பூட்ஸ் கழத்துதாங்க. அத வச்சே செஞ்சிருக்காங்க. நம்ம ஊர்ல என்ன இருக்கு?"

"செருப்ப வாசல்லயே விட்டுருதோமே," என்றான் அவன்.

அந்தக் கேள்வியோடுதான் அவள் மறுநாள் முத்துமாரியின் கடைக்குப் போனாள். குருவிகுளத்தில் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வேண்டியிருந்தது. தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் சந்தில் இரண்டு மெஷின் போட்ட சின்னக் கடை. வாசலில் பச்சைத் திரை. திரைக்கு மேலே 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று அட்டை. முத்துமாரிக்குக் காவியாவின் வயதுதான் இருக்கும். வாயில் குண்டூசியைக் கடித்தபடியே தெளிவாகப் பேசுவாள்.

உள்ளே ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மேலநீலிதநல்லூரிலிருந்து அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள்.

"முதுகு எறக்கம் நாலு இஞ்சுக்கு மேல போவக் கூடாது," என்றாள் அம்மா.

"நாலே நாலுதான் அத்தே," என்றாள் முத்துமாரி. அம்மாவின் தலைக்குப் பின்னாலிருந்து மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். முத்துமாரி நோட்டில் ஏழு என்று எழுதி, நோட்டை மூடினாள். பெண்ணின் முதுகில் டேப்பை வைத்ததும் அந்தப் பெண் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். தோள்பட்டை லேசாக உயர்ந்தது. பின்கழுத்துப் பூனைமுடி சிலிர்த்தது.

காவியா தன்னை அறியாமல் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்திருந்தாள். அவர்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகும் வரைந்துகொண்டிருந்தாள்.

"என்ன யக்கா வரையுதிய?" முத்துமாரி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பிள்ளை முதுகா? அச்சு அசலா இருக்கே! எதுக்கு இது?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கார்ட்டூன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு முத்துமாரி நின்றதைப் பார்த்ததும் பொய் வரவில்லை. முழுவதையும் சொன்னாள். பெரியவர்களுக்கான விளையாட்டு, புருஷன் பெண்டாட்டி கதை, கடைசி நாட்களில் எல்லாமும் வரும் என்பதுவரை.

முத்துமாரி போய்த் திரையை நன்றாக இழுத்து விட்டாள்.

"காட்டுங்க."

காவியா போனில் ஒன்பதாம் நாள் படத்தைக் காட்டினாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தாள். முத்துமாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்த ஜாக்கெட்ட எவ தச்சா? இதப் போட்டுக்கிட்டு அவ எப்படி அவன் கழுத்துல கை போடுவா? அக்குள் கிழிஞ்சிரும்லா?"

காவியா சிரித்துவிட்டாள். முத்துமாரி சிரிக்கவில்லை. அது அவளுக்குத் தொழில் விஷயம்.

"அப்புறம், இவ மூச்சு விடாம இருக்காளே. பொம்பள உடம்பு இப்படியா இருக்கும்? பன்னெண்டு வருஷமா டேப் பிடிக்கேன். முதுகத் தொட்டா மூச்ச அடக்காதவள நான் பாத்ததில்ல. மூச்ச எப்ப விடுதாங்கிறதுலதான் எல்லாம் இருக்கு."

"இன்னும் சொல்லு முத்துமாரி."

"என்னத்தச் சொல்ல?" என்றவள், மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட் கையைத் தைத்து முடித்தாள். பிறகு அடுத்த கையை எடுத்து ஓட்டியபடி, தலை நிமிராமலே சொன்னாள். "எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபது நாள் இருக்கும். அவிய என்கிட்ட பத்து வார்த்த பேசியிருந்தா அதிகம். பூ மார்க்கெட்ல கூடை எறக்குத வேலை. மதியம் வந்து சாப்பிட்டுட்டுப் போவாவ. அன்னைக்கு ஒரு அவசர ஜாக்கெட்டு. கரண்டு போயிட்டு. எனக்கு ஊசில நூலு ஏறல. குடு, நான் கோத்துத் தாரேன்னு வாங்குனாவ. ஒரு தடவ தப்பிச்சு. ரெண்டு தடவ. மூணு தடவ. கை நடுங்குதோன்னு நான் அவிய மணிக்கட்ட லேசாப் பிடிச்சேன். கையெல்லாம் பிச்சிப்பூ வாசம். நாலாவது தடவ நூலு ஏறிட்டு."

மெஷின் நின்றது.

"ஏறுன பெறவும் நான் கைய விடல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்த ஜாக்கெட்ட அன்னைக்குக் குடுக்க முடியல. எந்திரிச்சுப் போங்கக்கா, வேலை கெடக்கு!" என்று முகம் சிவக்க விரட்டினாள்.

காவியா வீட்டுக்கு நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினாள். பாண்டியராஜன் கதையைக் கேட்டதும் கீபோர்டை இழுத்துக்கொண்டான். ஒன்பதாம் நாள் முழுவதையும் அழித்தார்கள். புதிய காட்சியில் விளையாடுகிறவர் ஊசியில் நூல் கோக்க வேண்டும். நூல் முனை நடுங்கும். அவள் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கும். நடுக்கம் நிற்கும். நூல் ஏறிய பிறகு விளையாட்டு ஒன்றும் கேட்காது. விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தால் அவள் மூச்சு மெல்லக் கேட்க ஆரம்பிக்கும். எவ்வளவு நேரம் பிடிப்பது என்பது அவரவர் பாடு.

மூச்சுச் சத்தத்தைக் காவியாவே மைக் முன்னால் பதிவு செய்தாள். பத்தாவது தடவை இழுத்து விட்டபோது கதவு தட்டப்பட்டது. கோமதியம்மாள் கையில் ஒரு தம்ளர்.

"ஏட்டி காவியா, உனக்கு எளப்பு இருக்குன்னு சொல்லவே இல்லையே? மாடிப்படி வரைக்கும் கேக்கு. இந்தச் சுக்குத்தண்ணியக் குடி."

"சரித்தே," என்று காவியா வாங்கிக் குடித்தாள். பாண்டியராஜன் திரைப்பக்கம் திரும்பித் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தான்.

கை எப்படிப் பிடிக்கும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்க, ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களே செய்து பார்த்தார்கள். அவனுக்கு நிஜமாகவே ஊசி கோக்கத் தெரியவில்லை. நூலை எச்சில் பண்ணியே தீர்த்துவிடுவான் போலிருந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. பிறகு அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவருமே சிரிப்பதை நிறுத்தினார்கள். ஆறு மாதமாக ஒரே அறையில், இருவேறு திரைகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று மதியம் படம் ஏதும் வரையப்படவில்லை.

காட்சி தயாரானபோது காவியாவுக்கு ஒரு உறுத்தல் வந்தது. இது முத்துமாரியின் மதியம். கேட்காமல் எடுத்துக்கொள்வது சரியில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். முத்துமாரி திரையை இழுத்துவிட்டு, தைக்கிற ஸ்டூலிலேயே உட்கார்ந்து விளையாடினாள். நூல் ஏறியது. அவள் விரலை எடுக்கவில்லை. வெகுநேரம் எடுக்கவில்லை. காவியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை தப்பு," என்றாள் முத்துமாரி கடைசியில். "அவிய கை இப்படி வழுவழுன்னு இருக்காது. உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும். அத மாத்துங்க. பேரையும் ஊரையும் மட்டும் வேற போட்டுருங்க. அவியகிட்ட நானே சொல்லுதேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். சட்டையில் பூங்கூடை ஈரம். "முத்துமாரி வீட்டுக்காரன். வேல்சாமின்னு பேரு. அண்ணாச்சி இருக்காவளா?" என்றான். காவியா மாடியைப் பார்த்துக் கணவனைக் கூப்பிட்டாள். கோமதியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தது ஒன்றுதான் ஆறுதல். பாண்டியராஜன் அவனை மாடிக்குக் கூட்டிப் போனான். நாற்காலியில் உட்காரச் சொன்னபோதும் வேல்சாமி உட்காரவில்லை.

"அவ எல்லாம் சொன்னா. ஊசி கோக்கத் தெரியாம மூணு தடவ தப்ப விட்டேன்னு வச்சிருக்கியளாமே?"

"தப்பா இருந்தா எடுத்துருதோம் அண்ணாச்சி," என்றான் பாண்டியராஜன் அவசரமாக.

"தப்புதான்." வேல்சாமி தரையைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு பரவியது. "எங்கப்பா மாலை கட்டுதவரு. ஆறு வயசுலருந்து மாலைக்கு ஊசி கோத்த கை இது. கண்ண மூடிக்கிட்டே கோத்துருவேன். அன்னைக்கு வேணும்னேதான் தப்ப விட்டேன். கிட்ட உக்காந்திருந்தா. ஏறிட்டுன்னா எந்திரிச்சுப் போயிருவாளேன்னு."

காவியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது அவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"பதினோரு வருசமாச்சு. சொல்லல."

"இத விளையாட்டுல வைக்கட்டுமா அண்ணாச்சி? வச்சா அவ பாப்பா."

வேல்சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தான். "பாக்கட்டும். என் வாயால சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு."

அதன்பிறகு இரண்டு மாதம் வேலை ஓடியது. விளையாட்டை முடித்தவர்கள் அதே ஒன்பதாம் நாளை அவன் பக்கத்திலிருந்து மறுபடி விளையாடலாம். இந்தத் தடவை நூல் நடுங்காது. ஊசிக்காது பெரிதாக, எதிரிலேயே இருக்கும். நேராகக் கோத்துவிட்டால் அவள் நன்றி சொல்லி எழுந்து போய்விடுவாள். வேண்டுமென்றே தப்ப விட்டால்தான் அவள் கை வரும்.

கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த வாரத்தில் விளையாட்டை வெளியிட்டார்கள். டொரண்டோவில் ஒரு பெண், விளையாடி முடித்துவிட்டுப் புருஷனிடம் ஊசியும் நூலும் கொடுத்ததாக எழுதினாள். ஒருவர் இதில் ஆடை ஒன்றுமே அவிழவில்லையே என்று கோபப்பட்டார். அவர் பத்தாம் நாளுக்கு இன்னும் போகவில்லை.

முத்துமாரி கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் விளையாடி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். காவியாவுக்குப் போன் வந்தது. எதிர்முனையில் ஒரு நீண்ட மூச்சு மட்டும் கேட்டது.

"முத்துமாரி?"

"யக்கா," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அந்த மனுசன் ஒரு தடவலயே கோப்பாவளா?"

"கண்ண மூடிக்கிட்டே கோப்பாவளாம்."

"பதினோரு வருசமா மாலை கட்ட நான் ஊசி கோத்துக் குடுத்துட்டு இருக்கேன் அந்தக் கள்ளனுக்கு!" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

மதியம் காவியா தெற்கு ரத வீதிக்குப் போக வேண்டியிருந்தது. சந்து முனையில் இரண்டு பெண்கள் துணிப்பையோடு நின்றார்கள். முத்துமாரியின் கடை ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"என்னம்மா இது, பட்டப்பகல்ல ஷட்டர எறக்கிட்டா? உடம்பு சரியில்லையோ?" என்றாள் ஒருத்தி.

ஷட்டருக்குக் கீழே, ஆண்களுக்கு அனுமதி இல்லாத அந்தக் கடையின் வாசலில், ஈரம் காயாத ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. காவியா அதை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நாளைக்கு வாங்க."