ஸ்னெஷினா காத்திருந்த பத்து நாள்

பல்கேரியாவின் ரூசே நகரத்தில் ஸ்னெஷினா, மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஓட்டினாள். நான் அதே வண்டியில் டிக்கெட் கொடுப்பவள். மார்ச் மாதக் காலை ஒன்றில், சந்தை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவள் கதவைத் திறக்கவில்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்று ஒரு கிழவர் கத்தினார்.

முன்னால் போய்ப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. இருக்கையெல்லாம் ரத்தம்.

"ருமியானா, எல்லாரையும் இறக்கிவிடுடி. யாரும் என்னைப் பாக்கக் கூடாது."

"எத்தனை நாளா இப்படி?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. மாசாமாசம் கொட்டுது. நடுவுலயும் படுது."

"அடிப்பாவி!"

என் கோட்டை அவள் இடுப்பில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கருப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. டாக்டர் சங்கோவா ரத்தப்போக்கை அடக்க ஊசி போட்டார். திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்.

ஸ்னெஷினாவின் அம்மா கருப்பைப் புற்றுநோயில்தான் நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். இவளுக்கு இப்போது நாற்பத்தேழு. கணவன் பென்கோவிடம் ரத்தசோகை என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஆறாம் நாள் எனக்குப் போன் செய்தாள். "முடிவெல்லாம் எதுக்கு? கருப்பையையே எடுத்துடச் சொல்லப்போறேன்."

"நாலு நாள் பொறுடி."

"உனக்கென்ன, உன் வயிறா?"

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பத்தாம் நாள் காலையில் அவளே என் வாசலில் வந்து நின்றாள். "தனியாப் போக முடியலடி."

டாக்டர் அறிக்கையைப் படிக்கிற வரைக்கும்கூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எத்தனை மாசம் இருக்கு? நேராச் சொல்லிடுங்க."

"இது புற்றுநோய் இல்ல, ஸ்னெஷினா. உள்சுவர் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கு. செல்லுல கெட்ட மாற்றம் எதுவும் இல்ல. மாத்திரை சாப்பிடுங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் திசு எடுத்துப் பாக்கணும், அதை மட்டும் விட்டுடாதீங்க."

"கருப்பைய எடுக்க வேண்டாமா?"

"இப்போ அதுக்கு அவசியமே இல்ல."

வெளியே வந்ததும் பென்கோவுக்குப் போன் செய்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

"கத்துய்யா, நல்லாக் கத்து" என்றாள். சிரித்தபடியே அழுதாள்.

செப்டம்பரில் மறுபடியும் திசு எடுத்தார்கள். உள்சுவர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதாக முடிவு வந்தது. அன்று பென்கோவும் வந்திருந்தான். நடைகூடத்தில் இருபது பெண்களுக்கு நடுவே, அவளுடைய கைப்பையைத் தன் மடியில் இறுகப் பிடித்தபடி, காது சிவக்க உட்கார்ந்திருந்தான்.