அசன வெள்ளத்துக்குப் பொறுப்பு ஜான்ரோஸ்

போன வருடம் எங்கள் சபையின் அசன விருந்தில் சாம்பாருக்கு நல்ல பெயர், தண்ணீருக்குக் கெட்ட பெயர். விருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீருக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளத்துக்கு, பொறுப்பு என் வீட்டுக்காரர் ஜான்ரோஸ். மனிதர் மூன்று மாதம் ஆலயத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

"பதிமுகம் போட்டு நல்லா கொதிக்க வச்சேனே லீலா!" என்று ஒரே புலம்பல்.

கொதிக்க வைத்தது உண்மைதான். பந்தி தொடங்கும்போது கை வைக்க முடியாத சூடு. அதனால் பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டார். பதிமுகப் பட்டையின் சிவப்பு மாறாததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தப்பு எங்கே என்று அவர் மண்டையில் ஏற்ற, சுகாதார நர்ஸ் ரெஜிலாவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எங்கள் வீட்டிலும் காலம் காலமாக அப்படித்தானே ஆற்றிக் குடிக்கிறோம்!

இந்த வருடம் கெஞ்சிக் கூத்தாடி அதே பொறுப்பை வாங்கினார். மறுபடி சொதப்பினால் திருவட்டாறு பக்கமே தலைகாட்ட முடியாது. முந்தின நாளே கொதிக்க வைத்து, குழாய் வைத்த டிரம்களில் மூடி ஆறவிட்டார்.

ஆனால் கூட்டம் நினைத்ததைவிட அதிகம். மூன்றாம் பந்திக்கே டிரம் காலி. புதிதாகக் கொதித்த அண்டாவில் ஆவி பறந்தது. சமையல்காரர் ஷாஜன் கிணற்று வாளியோடு வந்தார்.

"அண்ணா, ரெண்டு வாளி ஊத்துனா சரியாவும்."

"ஒரு சொட்டு ஊத்தப்படாது மக்கா!" இவர் அண்டாவுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"ஆளுவ சோத்துக்கு முன்னால இருக்காவ!"

"இருக்கட்டும். பாட்டு படிக்கச் சொல்லு."

கொதித்த தண்ணீரைக் குடங்களில் பிரித்து மூடி, கழுத்துவரை மட்டும் நனையும்படி கிணற்றடித் தொட்டிக்குள் இறக்கினார். போதகர் தாளம் போட, பந்தி முழுவதும் பாடியது. அரை மணி நேரம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அசனம் முடிந்து செவ்வாய்க்கிழமை வீடு வீடாக விசாரித்துவிட்டு ரெஜிலா வந்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லண்ணா."

இவர் தோர்த்துத் துண்டைச் சுழற்றி முற்றத்தில் ஓர் ஆட்டம் போட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து என்னால் மறைக்க முடியவில்லை.

"நான் அன்னைக்கு உங்க வெள்ளத்தக் குடிக்கல. பயந்துட்டு கடையில பாட்டிலு வாங்கிக் குடிச்சேன்."

ஆட்டம் நின்றது. என்னையே பார்த்தார். பிறகு அடுக்களைக்குள் போய், ஒரு டம்ளர் பதிமுக வெள்ளத்தை ஆவி பறக்கக் கொண்டுவந்து நீட்டினார்.

நாக்கு வெந்துபோனது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.