கையொப்பமிட்ட வாக்குச்சீட்டு

1937ஆம் ஆண்டுத் தேர்தலில், மலைமேலிருந்த எங்கள் தேவனூர் நாட்டில் பட்டதாரித் தொகுதிக்குரிய ஒரே வாக்காளர் மிளகுத் தோட்டக்காரர் அர்த்தனாரி. அத்தொகுதியினர் அஞ்சலில்தான் வாக்களிக்க வேண்டும். பட்டியலில் பெயர் ஏற, அவர் இருமுறை விண்ணப்பித்திருந்தார். அதுவே அவருடைய முதல் வாக்கு. உறுதிமொழித் தாளில் அவர் கையொப்பமிட, நான் சாட்சிக் கையொப்பமிட்டேன். சீட்டில் அவர் குறியிட்டபோது, முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அஞ்சற்காரன் காத்தான் அந்த வாக்கு அடங்கிய பையுடன் புளியஞ்சோலைப் பாதையில் இறங்கிய பிறகே அர்த்தனாரி வாய் திறந்தார்.

“சீட்டுலயும் அழகாக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க, வாத்தியாரே!”

“சீட்டிலா? பெயர் தெரிந்தால் வாக்குச் செல்லாதென்று அச்சிட்டிருந்ததே! பி.ஏ. படித்தவர் அதைப் படிக்கவில்லையா?”

“படிச்சேனுங்க. அது பயந்தவங்களுக்குன்னு நெனச்சேன். பேரில்லாம அனுப்ப அதென்ன மொட்டைக் கடுதாசிங்களா?”

இருவரும் ஓடினோம். ஓடைக்கரையில் காத்தானைப் பிடித்தோம்.

“அரக்கு வெச்ச பையிங்க, சாமி. தொறந்தா எம் பொழப்புப் போயிருமுங்க” என்று அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன்மீது குற்றமில்லை. என் சினமெல்லாம் அர்த்தனாரிமீதே பாய்ந்தது; திரும்பும் வழிநெடுக ஏசினேன்.

ஏற்றத்தில் நின்று அவர் கேட்டார்: “எண்ணாட்டியும், ஒருத்தராச்சும் பிரிச்சுப் பாப்பாங்கல்லீங்க?”

“பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள்.”

“செரி, உடுங்க. அடுத்த எலெக்சன்ல பேரில்லாமயே போட்டுடறேன்.”

அடுத்த தேர்தலைப் போர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது. அது வந்தபோது அர்த்தனாரி உயிருடன் இல்லை.