அத்தை கையில் மூன்று ஆட்டின்

பிரிட்ஜ் ஆட்டத்தில் பேசக் கிடைப்பது கொஞ்சம்தான். சீட்டுப் போட்டதும் ஏலம் நடக்கும். அப்போது "ஒரு ஆட்டின்", "ரெண்டு கிளாவர்", "பாஸ்" என்று சொல்லலாம். ஆட்டின், கிளாவர், டைமன், இஸ்பேட் நான்கும் சீட்டின் சாதிகள்; முன்னால் சொல்லும் எண், ஆறுக்கு மேல் எத்தனை பிடி எடுப்போம் என்ற கணக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் தன் ஜோடிக்குக் கையில் இருப்பதை அந்தச் சில சொற்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும். பாக்கியம் அத்தையும் சவரியப்பன் மாமாவும் வீட்டிலேயே ஏறக்குறைய அவ்வளவுதான் பேசிக்கொள்வார்கள். அதனாலோ என்னவோ, அவர்களை வெல்வது கடினம் என்று பெயர்.

இருவரும் மிஷன் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பரவையில் பஸ் ஏறி மதுரைக்கு வருவார்கள். ஆசிரியர் சங்கத்தின் மாடி அறையில் ஆட்டம். மாமாவைப் படியேற்றிவிட ஓர் ஆள் வேண்டுமென்பதால் நானும் வருவேன்.

போன வருஷம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் தேறிவிட்டன. இடப்பக்கப் பார்வை மட்டும் திரும்பவில்லை. தட்டின் இடது ஓரத்தில் வைத்த பொரியலைத் தொடாமலே சாப்பிட்டு முடிப்பார். அத்தை ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். பொரியல் புதிதாக வந்ததுபோல் அவரும் சாப்பிடுவார்.

சீட்டில் அப்படித் திருப்பி வைக்க முடியாது. விசிறிபோல் விரித்துப் பிடித்த சீட்டுகளில் இடது ஓரம் அவருக்கு மங்கிவிடும். ஆட்டினும் சிவப்பு, டைமனும் சிவப்பு. சில வாரங்களுக்கு முன் ஒரு டைமனை ஆட்டினோடு சேர்த்து எண்ணி, நான்கை ஐந்து என்று நம்பி ஏலம் கேட்டுவிட்டார். மோசமாகத் தோற்றார்கள். அன்று எதிர் ஜோடியில் ஆடிய ஆன்சன் சிரிக்கவில்லை. அத்தையிடம் படித்த பையன், இப்போது பேங்க்கில் இருக்கிறான். அவன் சிரித்திருந்தால் மாமாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

இந்த ஞாயிறு நாங்கள் படியேறிக்கொண்டிருந்தபோது சங்கச் செயலாளர் டோனி சார் அத்தையைக் கீழேயே நிறுத்திவிட்டார்.

"டீச்சர், அடுத்த மாசம் திருச்சிப் போட்டிக்கு ஒரு ஜோடி அனுப்பணும். நீங்க நம்ம ஆன்சனோட போங்களேன். சாருக்கு எதுக்கு இம்புட்டு செரமம்?"

"ஆடி முடிச்சிட்டுச் சொல்றேன் டோனி" என்றாள் அத்தை.

மாமா என் கையைப் பிடித்தபடி இரண்டு படி மேலே நின்றிருந்தார். "கண்ணுதான் ஜெனி போச்சு. காது ரெண்டும் நல்லாத்தான் கேக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

அன்று டோனி சாரும் ஆன்சனும் ஒரு ஜோடி, அத்தையும் மாமாவும் ஒரு ஜோடி. நான் அத்தைக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டேன். வேடிக்கை பார்ப்பவர் ஒருவர் கையைத்தான் பார்க்கலாம் என்பது அங்கே கட்டுப்பாடு. மாமாவிடம் என்ன இருக்கிறது என்பது அத்தையைப் போலவே எனக்கும் தெரியாது.

கடைசி ஆட்டம் வரை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. கடைசி ஆட்டத்துக்குச் சீட்டைப் பங்கிட்டவர் மாமா. அவர்தான் ஏலத்தை ஆரம்பித்தார்.

"ஒரு ஆட்டின்."

அத்தையின் கையைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆஸ், ராணி, ஜாக்கி உட்பட ஆறு இஸ்பேட். ஒரே ஒரு டைமன். ராஜாவோடு மூன்று ஆட்டின்.

"ஒரு இஸ்பேட்" என்றாள்.

"ரெண்டு கிளாவர்" என்றார் மாமா.

முதலில் ஆட்டின் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னால், கையில் நான்கு கிளாவரும் ஐந்து ஆட்டினும் இருக்கின்றன என்று அர்த்தம். ஜோடியிடம் ஐந்து இருந்து தன்னிடம் மூன்று இருந்தால் மறைக்கக் கூடாது, அவருடைய ஆட்டினையே தானும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் இருவருக்கும் இடையே உள்ள ஏற்பாடு. மற்ற நாளாக இருந்தால் அத்தை யோசித்திருக்கவே மாட்டாள்.

இப்போது யோசித்தாள். மாமா சொல்லும் ஐந்து, நான்காக இருந்தால்? ஆறு இஸ்பேட் கண்ணெதிரே இருக்கின்றன. அதை, மற்ற சாதிகளை வெட்டும் துருப்பாக வைத்தால் ஆட்டமும் அவள் கைக்கு வந்துவிடும். மாமா சீட்டைக் கீழே விரித்துவிட்டுச் சும்மா உட்காரலாம். ஆனால் ஆட ஆட அவளுடைய மூன்று ஆட்டினும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாமா எண்ணுவார். தன் வார்த்தையை அவள் நம்பவில்லை என்பது தெரிந்துவிடும். கோபப்படமாட்டார். அடுத்த ஞாயிறு முட்டி வலிக்கிறது என்பார், அதற்கடுத்த ஞாயிறு வெயில் என்பார். பிறகு அந்த நாற்காலியில் ஆன்சன் உட்கார்ந்திருப்பான்.

அத்தை மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏலத்தில் ஜோடியின் முகத்தைப் படிப்பது தப்பு. சீட்டையே பார்த்தாள்.

"டீச்சர், டீ ஆறுது" என்றான் ஆன்சன்.

"நீ குடி."

விரித்த சீட்டுகளை மூடினாள். பிறகு, காய்கறிக்காரரிடம் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்:

"நாலு ஆட்டின்."

மற்ற மூவரும் பாஸ் சொன்னார்கள். ஆட்டினே துருப்பு. அதை முதலில் கேட்டவர் என்பதால் இரண்டு கையையும் மாமாதான் ஆட வேண்டும். பதின்மூன்று பிடியில், ஆறும் நாலுமாகக் குறைந்தது பத்து எடுக்க வேண்டும்.

டோனி சார் டைமன் ஆஸை இறக்கினார். அத்தை தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்தாள். இனி அவள் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது.

மாமா முதலில் அவளுடைய மூன்று ஆட்டினைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தன் சீட்டுகளைக் கண்ணுக்கு வலப்பக்கமாகக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். விரல் நின்றது. இடது ஓரத்திலிருந்து ஒரு சீட்டை உருவி நடுவில் செருகினார்.

ஆட்டினோடு ஒரு டைமன் கலந்திருந்திருக்கிறது. ஆட்டின் நான்குதான். அத்தையும் பார்த்தாள். டோனி சாரும் ஆன்சனும்கூடப் பார்த்தார்கள். அத்தை டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் யாரிடமும் கண்டதில்லை.

அந்தப் பிடி டோனி சாருக்குப் போனது. அவர் மறுபடி டைமன் போட்டார். மாமா அத்தையின் சின்ன ஆட்டினால் அதை வெட்டினார். ஐந்து துருப்பு வைத்திருப்பவர் இந்த இடத்தில் எதிரிகளின் துருப்பையெல்லாம் உடனே இழுத்துவிடுவார். நான்கை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால் கை காலியாகி, டைமனாகப் போட்டே முடித்துவிடுவார்கள். மாமா இழுக்கவில்லை. கிளாவர் ஆஸில் தன் கைக்கு வந்து, இஸ்பேட்டை முதலில் ஆடினார். ஆன்சன் ராஜாவை வைத்துப் பிடித்தான். உடனே டைமன் போட்டான்.

"போடுடா போடு" என்றார் மாமா. அத்தையின் இன்னொரு சின்ன ஆட்டினால் அதையும் வெட்டினார். தன்னுடைய நான்கில் ஒன்றைக்கூட இதுவரை தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் துருப்பை எடுத்தார். அத்தையின் ராஜா. கிளாவர் ராஜாவில் தன் கைக்கு வந்து ஆஸ். பிறகு ராணி. டோனி சாரிடம் ஆட்டின் தீர்ந்துவிட்டது, ஆன்சனிடம் இன்னும் ஒன்று இருந்தது. மாமாவிடமும் ஒன்று. ஜாக்கியை வைத்தார். ஆன்சனின் கடைசி ஆட்டின் அதில் விழுந்தது. மிச்சமெல்லாம் அத்தையின் இஸ்பேட்.

பதினோரு பிடி. மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கணக்கில் அவர் தலை எப்போதும்போலத்தான் இருக்கிறது என்பதை அந்த அறையே பார்த்துவிட்டது.

டோனி சார் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், இஸ்பேட்ல நின்னிருந்தாலும் இதே பதினொண்ணுதான். வேர்வையே இல்லாம எடுத்திருக்கலாம்."

"தெரியும்."

"அப்பறம் ஏன் டீச்சர்?"

"அவரு ஆட்டின்னாரு. எங்கிட்ட மூணு இருந்துச்சு."

"அஞ்சு இல்ல பாக்கியம்" என்றார் மாமா. "நாலுதான். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்."

"பார்த்தேன். இனிமே ஏலத்துக்கு முன்னாடியே வலப்பக்கம் கொண்டுபோய் எண்ணுங்க. நேரம் ஆனா ஆகட்டும், இவங்க டீ குடிக்கட்டும்." பிறகு டோனி சார் பக்கம் திரும்பினாள். "திருச்சிக்கு எங்க ரெண்டு பேர் பேரையும் அனுப்பிரு டோனி."

டோனி சார் ஆன்சனைப் பார்த்தார். ஆன்சன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், எங்கிட்ட நாலு ஆட்டின் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"எனக்கு எங்கடா தெரியும்? பயந்துக்கிட்டேதான் ஆடுனேன்." மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டார். "ஆமா, பேர் அனுப்புறதுக்கு முன்னாடி என்னைய யாரும் கேக்கலியே? நான் ஆன்சன் கூடப் போலாம்னுல்ல நெனச்சிருந்தேன்."

"போங்க" என்றாள் அத்தை, சீட்டுகளை அடுக்கிக்கொண்டே. "அவன் கையில மூணு இருந்தாலும் சொல்ல மாட்டான்."