என் எஞ்சினுக்கு ஓர் எதிராளி

நான் எழுதிய செஸ் எஞ்சினைச் சோதிக்க எதிராளிகள் தேவைப்பட்டார்கள். ஆட்களைச் சொல்லவில்லை, அதைப் போலத் தானாகவே செஸ் ஆடும் மற்ற கணினி நிரல்களைச் சொல்கிறேன். பலசாலியோடு மோதவிட்டால் என்னுடையது எல்லா ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வும். நோஞ்சானோடு மோதவிட்டால் எல்லாவற்றிலும் ஜெயிக்கும். இரண்டிலுமே, நான் செய்த மாற்றம் உருப்படியானதா இல்லையா என்று தெரியாது. ஏறக்குறையச் சமபலம் வேண்டும். அதுவும் என் லினக்ஸ் கணினியில் ஓட வேண்டும்.

இணையத்தில் இருந்த தரவரிசையைத் துழாவினேன். என்னுடையதற்குச் சற்று மேலே நின்றது என் கணவர் எழுதிய எஞ்சின்.

வேலை பார்த்த நிறுவனத்தை மூடியதிலிருந்து அவர் கணினிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சமைத்தார், துணி மடித்தார், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார். என்ன கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். இந்த மனுஷன் இப்படியே இருந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அதனால் அவரைக் கேட்காமலேயே அவருடைய எஞ்சினை எடுத்தேன். வேறொரு இயங்குதளத்துக்காக எழுதியது. லினக்ஸில் கம்பைல் ஆகமாட்டேன், ஓடும் நிரலாக மாறமாட்டேன் என்று அடம்பிடித்தது. நேரம் பார்க்கும் வரியில்தான் தகராறு. அதைத் தூக்கிவிட்டு, கைக்கு வந்த ஒரு வரியைப் போட்டேன். ஓடியது. ஆட்டங்களைத் தொடங்கினேன். என்னுடையது வெளுத்து வாங்கியது. கொஞ்சம் கர்வம்கூட வந்தது, மறைப்பானேன்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே அவருடைய ராணி கேட்பாரின்றி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

“இது என்னோடதா?”

ஆமாம் என்றேன்.

“இல்ல. என்னோடது இப்படி அவசரப்படாது. இது நீ ஆடுற மாதிரியே ஆடுது.”

பல மாதங்களில் அவர் இவ்வளவு பேசியதே இல்லை. கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் செருகிய வரியைச் சீக்கிரமே பிடித்துவிட்டார். லினக்ஸில் அந்த வரி பார்க்கும் கடிகாரம், அவர் எழுதிய இயங்குதளத்தில் இருப்பதைவிட நேரத்தை ஆயிரம் மடங்கு பொடியாக நறுக்கி எண்ணுமாம். எண்ணிக்கை மளமளவென்று ஏறியதைப் பார்த்து, நேரமெல்லாம் போய்விட்டது என்று பதறி, அவருடைய எஞ்சின் கிடைத்த காயை நகர்த்தியிருக்கிறது. அவர் அதைத் திருத்தினார். அடுத்தடுத்த ஆட்டங்களில் என்னுடையது வாங்கிக் கட்டிக்கொண்டது.

“பாவம்னு நினைச்சு எடுத்தியா?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடக்குமடக்காக ஏதாவது சொன்னால் எழுந்து போய்விடுவார். பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

“பாதி அப்படித்தாங்க. மீதி, அந்த லிஸ்ட்ல எனக்குச் சரிசமமா வேற யாரும் இல்ல.”

அவர் எழுந்து போவதற்குப் பதில், தன் நிரலின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

“அப்ப இதை இன்னும் கொஞ்சம் பலமாக்கணும். நீ ஜெயிக்க ஆரம்பிச்சா வேற ஆளைத் தேடிப் போயிடுவே.”

போகமாட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரே.