குமிழிக்குள் எங்கள் வீட்டு ஜன்னல்

துபாயிலிருந்து வந்து இறங்கிய அன்றே என் வீட்டுக்காரர் அப்துல் சுக்கூர், "இனிமே நான் போமாட்டேன், முத்து" என்று சொல்லிவிட்டார். இந்தப் பாத்திமுத்து எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். இதை மட்டும் நம்பினேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

அங்கே ஒரு சோப் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தவர் அவர். அடுக்கத் தெரிந்தவனுக்குக் காய்ச்சவும் தெரியும் என்பது அவர் கணக்கு. கொல்லையில் அடுப்பு மூட்டி, பாமாயிலும் காஸ்டிக் சோடாவும் போட்டுக் கிண்டி, பச்சை நிறத்தில் ஒரு சோப்பைக் கொண்டுவந்தார். பாண்டிச்சேரியில் சிநேகிதர் வீட்டில் குளித்துப் பார்த்ததில் நுரை பொங்கியதாம். என் பேரில் பாதியை எடுத்து 'முத்து சோப்' என்று வைத்தார். பக்ரீத் வரைக்கும் விசா இருந்தது. அதற்குள் சோப் விலைபோனால் இங்கேயே இருப்பார், இல்லாவிட்டால் மறுபடியும் ஏரோப்ளேன். தொழுகையில் ஒவ்வொருத்தரும் என்னென்னவோ துவா கேட்பார்கள். நான் சோப் விற்கக் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரே மாமனார் கடைச் சுவர் சும்மா கிடந்தது. அதில் விளம்பரம் வரைய மணிவண்ணன் வந்தான். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனவன், அந்த அம்மாவின் ஓவியப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஆளாகத் திரும்பியிருந்தான்.

"சோப்புன்னா குமிழிதான் பாய் வரையணும். ஐரோப்பாவுல முந்நூறு நானூறு வருஷமா இதையே வரைஞ்சிருக்கான். பையன் ஒருத்தன் ஜன்னலாண்ட நின்னுக்கினு குழாய்ல ஊதுவான். சிலதுல பக்கத்துல மண்டை ஓடு இருக்கும்."

"மண்டை ஓடு எதுக்கு?" என்று கேட்டேன்.

"மனுசன் வாழ்க்கை குமிழி மாதிரின்னு அர்த்தம்க்கா. ஊதுனா வரும், பட்டுனு போயிடும்."

"நீர்மேல் குமிழின்னு மௌத்து வூட்ல அழுவுறப்ப சொல்லுவாங்க. அதச் சொல்லி யாரும் சோப் விக்கல."

"வித்திருக்கான்க்கா. நூறு வருஷம் முன்னாடி இங்கிலாந்துல பெரிய ஓவியர் ஒருத்தரு, பேரன் குமிழி ஊதற மாதிரி வரைஞ்சாரு. சோப் கம்பெனிக்காரன் அந்தப் படத்த வாங்கி, கீழ ஒரு சோப்ப வரைஞ்சு சேத்துட்டான். சோப்பு பிச்சிக்கினு போச்சாம்."

அந்தக் கடைசி வார்த்தையில் என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார்.

படத்துக்கு உட்கார ஒரு பையன் வேண்டும் என்றான். எங்கள் வீட்டில் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் விருந்தாளி மாதிரி வந்து போகிறவருக்குப் பெண்டாட்டி இருப்பதே அதிகம். அந்தக் கோபம் எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து எங்கள் சுவரில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. "நானே ஒக்கார்றேன்" என்று அவர் மீசையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, பப்பாளி இலைக் காம்பை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் கைப்பம்பில் தண்ணீர் அடித்து, முத்து சோப்பைக் கரைத்துக் கொடுத்தேன். அவர் ஊதினார். காம்பின் நுனியில் திரிந்த பால் மாதிரி என்னவோ சொட்டியது. கண் பிதுங்க மறுபடி ஊதினார். மறுபடியும் அதுவே சொட்டியது.

எங்கள் மரக்காணத்துத் தண்ணீரில் சோப் நுரைக்காது என்பது தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். சுற்றிலும் உப்பளம், பம்பில் வருவதும் பாதி உப்பு. குடிக்கிற தண்ணீர் குடத்தில் தூரத்திலிருந்து வரும், அதை மேலே ஊற்றிக்கொள்ள யாருக்கும் மனசு வராது. ஆனால் கடல் தண்ணீரையே நல்ல தண்ணீராக்கிக் குழாயில் விடுகிற ஊரில் இருந்து இருந்து, இவருக்குச் சொந்த ஊர்த் தண்ணீர் மறந்துபோயிருந்தது. அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்ற ஆசையில் எனக்கும் அது தோன்றவில்லை. காய்ச்சிய சோப் ஓர் அறை நிறைய இருந்தது. அடுக்கியதில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"குமிழி புக்குல இருக்குது பாய், நான் பாத்துக்கறேன்" என்றான் மணிவண்ணன்.

பார்த்துக்கொண்டான். நடுவில் மீசையோடு என் வீட்டுக்காரர், பக்கத்தில் மண்டை ஓடு, சுவர் முழுக்கக் குமிழி, ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஒரு சின்ன ஜன்னல்.

"வெளிச்சம் ஜன்னல் வழியாத்தானக்கா வரும், அது குமிழியில தெரியும். வெட்டவெளியில ஊதுனாலும் சில பேரு ஜன்னல் போட்ருவாங்க."

"போடறதுதான் போடற, நம்ம வூட்டு ஜன்னலப் போடு. கம்பி வெச்சது" என்றேன்.

மறுநாள் அந்த வழியாகப் போன பள்ளிவாசல் ஹஜ்ரத் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மண்டை ஓட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சுவத்துல மனுசன் மொகம் வேணாமே, சுக்கூரு. மார்க்கத்துல கூடாது" என்று மட்டும் தன்மையாகச் சொன்னார். மணிவண்ணன் அசரவில்லை. முகம் இருந்த இடத்தில் பெரிய குமிழி ஒன்றைப் போட்டு மூடினான். கழுத்துக்கு மேலே என் வீட்டுக்காரர் குமிழியாகிவிட்டார். அதற்குள் எங்கள் வீட்டு ஜன்னல், கம்பியோடு.

உப்பளத்தில் வேலை செய்கிற சவரியம்மாள் மண்டை ஓட்டைப் பார்த்துவிட்டு, "பாய், இது எலிக்கு வெக்கறதா, மனுசனுக்கா?" என்று கேட்டாள். மனுசனுக்கு என்றதும் ஒன்று வாங்கிப் போனாள். அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"படத்துல ஊதுது, எங்கூட்ல ஊதல பாய். தயிரு தயிரா வருது."

அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். எலிக்கு என்று வாங்கிப் போனவர் ஒருவர் மட்டும் குறை சொல்லவில்லை.

பக்ரீதுக்கு முன்னால் அவர் கிளம்பினார். ஒரு அட்டைப்பெட்டி நிறைய சோப்பையும் எடுத்துக்கொண்டார். "ஒரே ஒரு வருஷம், முத்து" என்றார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் அழவில்லை. பஸ் எங்கள் சுவரைத் தாண்டிப் போனது. வீட்டுக்கு வந்து, அந்தச் சோப் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

சில மாசம் கழித்து, லீவில் வந்த ஊர்க்காரர் கையில் அவர் பேசிய கேசட் வந்தது. சுகம் விசாரித்துவிட்டு அவர் குரல் சொன்னது: "நம்ம சோப்பு இங்க சூப்பரா நுரைக்குது, முத்து. ரூம்ல எல்லாரும் அதான் கேக்கறாங்க. நேத்து பேனாக் குழாய்ல ஊதிப் பாத்தேன். இம்மாம் பெருசு வந்துச்சு."

எம்மாம் பெருசு என்று கேசட்டில் எப்படித் தெரியும்? அவர் கையை விரித்துக் காட்டியிருப்பார். அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. நேராகப் போய் மணிவண்ணனைச் சுவருக்குக் கூட்டிவந்தேன்.

"இந்தக் குமிழிய எடு. அவர் மூஞ்சி தெரியணும். ஹஜ்ரத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் நகத்தால் சுரண்டிக் காட்டினான். பெயிண்டுக்குக் கீழே வெறும் சுவர்தான் இருந்தது.

"மொகத்த சொரண்டி எடுத்துட்டுத்தான்க்கா குமிழி போட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல. திரும்ப வரையணும்னா ஆள் வந்து ஒக்காரணும்."

அன்று சாயங்காலமே பதில் கேசட் பேச உட்கார்ந்தேன். எனக்கு வழக்கமாக இரண்டு பக்கமும் போதாது. யார் வீட்டில் கல்யாணம், யார் என்னை என்ன கேட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். இந்தத் தடவை இவ்வளவுதான் சொன்னேன்:

"சோப்பு நுரைக்குதுன்னு கேட்டேன், சந்தோசம். உங்க மூஞ்ச வரைய ஆள் ஒக்காரணும்னு மணிவண்ணன் சொல்றான். வேற யாரையும் நான் ஒக்கார வெக்க மாட்டேன். வந்து ஒக்காருங்க."

மீதி டேப்பை நிறுத்தாமல் ஓடவிட்டேன். வீடு எப்படி இருக்கிறது என்று அவரும் காதால் கேட்கட்டும்.