அக்கா என்று கூப்பிட்டவள்

இடது புருவத்தை வரைந்து முடித்து, வலது புருவத்துக்குப் பென்சிலைக் கொண்டுபோனபோது அக்கா கண்ணைத் திறந்தாள்.

"லைட் ரெடியா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்க்கா" என்றாள் சின்னவள்.

ஜன்னல் திரையை ஊடுருவி வந்த காலை வெயில் கட்டிலின் பாதிவரை ஏறியிருந்தது. அதில் தூசி மெதுவாக, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சுழன்றது. மூன்று நாளாக அக்காவுக்குத் தொண்டையில் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டாள். நேற்று வந்த டாக்டர், இனி வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிப் போனார். அவருக்கு முன்னால்கூட அவள் புருவமில்லாமல் படுத்ததில்லை. மேக்கப்புக்காக மழித்து மழித்து ஒரு கட்டத்தில் முளைக்காமலே போன புருவங்கள். பத்து வருஷமாக அவற்றை வரைவது சின்னவளின் காலை வேலை.

ஐம்பத்தெட்டு வயதிலும் அவள் சின்னவள்தான். சினிமா ஸ்டூடியோவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

குழு நடனத்தில் பின்வரிசையில் ஆறாவதாக ஆடிக்கொண்டிருந்தவள் அக்கா. கதாநாயகி கோபித்துக்கொண்டு காரேறிப் போன ஒரு மத்தியானம், டைரக்டர் அவளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அப்போது வயது பதினேழு. அதன்பின் பதினோரு வருஷம் அவள்தான் கதாநாயகி. பிறகு அண்ணி. முப்பது தாண்டியதும் அம்மா. "நேத்துவரைக்கும் மரத்தைச் சுத்தித் துரத்தினவன், இன்னிக்கு 'அம்மா, பசிக்குது'ங்கறான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பதினோரு வருஷத்தில் ஐந்து மாதம் மட்டும் அவள் நடிக்கவில்லை. மஞ்சள்காமாலை, ஓய்வு என்று பத்திரிகைகள் எழுதின. திரும்பி வந்தபோது அவளுடைய அம்மாவின் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. கல்யாணமாகாத கதாநாயகிக்குக் குழந்தை இருக்கக் கூடாது, தங்கை இருக்கலாம். பாட்டியை அம்மா என்றும் அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டே சின்னவள் வளர்ந்தாள்.

பதினாறு வயதில், ஏதோ சண்டையில் சித்தி ஒருத்தி வாய்தவறி உண்மையைக் கொட்டிவிட்டாள். சின்னவள் நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள். கேட்டுவிடுவது என்றுதான் போனாள். விளக்குகளுக்கு அந்தப் பக்கம், நரைமுடி விக்கோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அவள் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், "சாப்பிட்டியாடி?" என்றாள் அக்கா. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவள்தான். நாற்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. தனக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியுமா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

"தொட்டில்ல போடற சீன் ஒண்ணு உண்டு" என்றாள் அக்கா. கண் உத்தரத்தில் இருந்தது. குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல மிதந்து வந்தது. "குழந்தையைப் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம நடந்து போகணும். அவ்வளவுதான்."

"ம்."

"ஆறு டேக். ஆறுலயும் திரும்பிப் பார்த்துட்டேன். டைரக்டர் கத்தறார்."

"ஏழாவதுல?"

தெருவில் ஒரு வண்டி ஹார்ன் அடித்தபடி போய்த் தேய்ந்தது.

"ஏழாவதுல பார்க்கல. எல்லாரும் கை தட்டினாங்க."

பிறகு தலையணையில் முகத்தை மெல்லத் திருப்பி, சின்னவளையே பார்த்தாள். சின்னவள் பென்சிலை எடுத்து வலது புருவத்தைத் தொடங்கினாள். கோடு நேராக வரவில்லை.

"உனக்குக் கை நடுங்குதுடி" என்றாள் அக்கா.

அதற்குமேல் பேச்சில்லை. பார்வை மட்டும் அப்படியே இருந்தது. வெயில் கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, சுவரோரமாகப் போயிற்று. சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூன்று மணிக்குமேல் ஓர் இடைவெளி முடியவேயில்லை.

டாக்டர் நாலரைக்கு வந்தார். நாடி பார்த்து, கண்ணிமைகளை மூடிவிட்டு, மேஜையில் படிவத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். பத்து வருஷப் பழக்கம். கேட்க வேண்டியது அதிகமில்லை.

"தகவல் தந்தவர் உறவுன்னு ஒரு இடம் இருக்கு. தங்கைன்னு போட்டுடறேன்."

"இல்ல டாக்டர்."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்தார்.

"மக."

டாக்டர் அவளைப் பார்த்தார். கட்டிலில் இருந்த முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். எழுதியிருந்த 'த'வை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்.

"வயசு எழுபத்திரண்டுதானே?"

"எழுபத்தெட்டு" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டிருக்க, அவள் ஜன்னலருகே போய்த் திரையை விலக்கினாள். எதிர் மாடியில் ஒரு பெண் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு வெள்ளைப் போர்வை. மடிக்கப் போகும்போதெல்லாம் காற்று அதைப் பிடுங்கி விரித்தது. அந்தப் பெண் அவசரப்படவில்லை. இரண்டு முனைகளையும் பிடித்தபடி, காற்று அடங்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.